தட்டு பார்க்கும் மேடம்

பொய் சொல்வதில் எனக்கு முப்பத்தோரு வருட அனுபவம் உண்டு. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பிரிவில் வேலை. பெங்களூரில் எங்காவது லிஃப்ட் பாதி வழியில் நின்றால் போன் எனக்குத்தான் வரும். "ஆள் கிளம்பிட்டான் சார், டொம்லூர் தாண்டிட்டான், பத்தே நிமிஷம்" என்பேன். ஆள் என் எதிரே உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். அத்தனை பேரும் நம்பினார்கள். நம்பிக்கையான குரல் என்று கம்பெனியில் ஒருமுறை கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் குரலைக் காதிலேயே வாங்காத ஒருவரைச் சந்தித்தேன். எங்களைப் பெரு நாட்டுக்கு, இன்கா மன்னர்கள் விட்டுப்போன இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர். குழுவில் எல்லோருக்கும் அவர் மேடம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரைப் போட்டீங்களாமே? எங்க, காட்டுங்க" என்று சந்தாபுராவில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

அவரை ஏமாற்ற ஆறேழு முறை முயன்று தோற்றேன். ஒரே ஒரு முறை ஜெயித்தேன். அந்த வெற்றியில் என் மனைவி செத்துப்போயிருப்பாள்.

மேடத்துக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். குள்ளம். சுடிதாருக்குக் கீழே ஆண்கள் போடும் கனத்த ஷூ. இடுப்பில் ஒரு பை; அதற்குள் பிளாஸ்திரி, ஊக்கு, விமானத்தில் கொடுக்கும் சர்க்கரைப் பொட்டலம், பல்குத்தி என்று ஒரு பெட்டிக்கடையே இருந்தது. பிறந்து வளர்ந்தது அல்சூர். எங்களோடு தமிழ், குழுவிலிருந்த மல்லேஸ்வரம் பாங்க் மேனேஜர் தம்பதியோடு கன்னடம், போனில் ஆட்டோக்காரரோடு உருது. மூன்று மொழியிலும் அவர் அதிகம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "எங்க, காட்டுங்க."

முதல் கூட்டம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த அவருடைய ஆபீஸில் நடந்தது. பதினொரு பேர். எல்லோருக்கும் நல்ல ஷூ வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"வாங்கியாச்சு மேடம். முதல் தரம்" என்றேன்.

"எங்க?"

"வீட்ல இருக்கு."

"வீட்ல இருக்கற ஷூ வீட்டைத்தான் சுத்தும் சார். நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பெட்டியோடு கொண்டுபோனேன். அடிப்பாகத்தை ரொட்டியை மடிப்பதுபோல் மடித்துப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிறகு என்னை அதைப் போட்டுக்கொண்டு நான்கு மாடி ஏறி இறங்கச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. வாழ்க்கை முழுவதும் மனிதர்கள் படியேறாமல் இருக்கப் பாடுபட்டவன் நான். கொள்கையை ஒரு நாளில் விட்டுவிட முடியுமா? லிஃப்டில் போனேன், மேலே குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டேன், லிஃப்டிலேயே இறங்கி, கடைசி ஆறு படியை மட்டும் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றேன்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் வந்து சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்வை மூஞ்சில மட்டும் வராது சார். இப்ப ரெண்டு தடவை போங்க. நானும் வரேன்."

அன்று எட்டு மாடி ஏறினேன். அவரை ஒருமுறையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அந்தப் படிகளில்தான் பிடித்தது. அறுபத்திரண்டு வயதில் வரக்கூடிய வெறிதானா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.

அவர் ஏன் இப்படி என்று குழுவுக்குள் பல கதைகள் ஓடின. முன்பு ஒரு பயணத்தில் யாரோ ஒருவர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மலையில் விழுந்துவிட்டார் என்றார் பாங்க் மேனேஜர். சொந்தக்காரர்களே ஏமாற்றி இடத்தை எழுதி வாங்கிவிட்டார்கள் என்றார் அவர் மனைவி. நான் நேராக அவரிடமே கேட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகல சார்" என்றார் மேடம். "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு யாரையும் நம்ப வராது. சிலருக்குப் பாட்டு வராதில்ல, அந்த மாதிரி."

வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை. லிமா விமான நிலையத்தில் பெட்டிகளுக்காக நின்றுகொண்டிருந்தபோது அல்சூரிலிருந்த கணவரை வீடியோவில் அழைத்தார். "காஸ் மூடியாச்சா? போனை அந்தப் பக்கம் திருப்புங்க. இன்னும் கீழ. இன்னும். ம், சரி." ஒரு சமுத்திரம் தாண்டி, இரண்டு கண்டம் தாண்டி ஒரு மனிதர் சிலிண்டரின் முன்னால் குனிந்துகொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு உடனே ஒரு சகோதர பாசம் உண்டாயிற்று.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தப் பயணமே அவளுடைய ஆசை. சுமதி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். சந்தாபுராவிலிருந்து அத்திபெலே வரை அவள் கை அளவெடுக்காத தோள் குறைவு. யாரோ வாடிக்கையாளர் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்: இன்கா சுவர். ஒவ்வொரு கல்லும் ஒரு வடிவம், ஒரு கோணம். சுண்ணாம்பு இல்லை, மண் இல்லை, கல்லோடு கல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து, "இத்தனை பீஸை வெட்டி இழுப்பு இல்லாம சேர்த்திருக்கான் பாருங்க. அந்தக் கையைத் தொட முடியாது, சுவரையாவது ஒருதடவை தொடணும்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காலையில் ஒரு மாத்திரை. அதோடு சனிக்கிழமை விரதமும் உண்டு. சாயங்காலம் விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். வீட்டில் இரண்டும் மோதிக்கொள்ளாது. வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதால், சனிக்கிழமைகளில் அவள் காலை மாத்திரையைத் தொடமாட்டாள், ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்வாள். பல வருடமாக அப்படித்தான்.

மேடத்தின் படிவத்தில் சர்க்கரை எழுதப்பட்டது. விரதம் எழுதப்படவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

லிமாவிலிருந்து குஸ்கோவுக்குப் பறந்தோம். இன்காக்களின் தலைநகரம். பதினோராயிரம் அடி உயரம். இறங்கிப் பெட்டியைத் தூக்கியதும் யாரோ நெஞ்சுக்குள் ஒரு மூட்டையை வைத்ததுபோல் இருந்தது. மேடம் அங்கே இன்னும் மோசமானார். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கமாட்டார், பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்கமாட்டார், காலை உணவு மேஜைகளுக்கிடையே நடந்து ஒவ்வொருவரும் விழுங்குவதை நின்று பார்ப்பார். எழுந்து போகும்போது தட்டைப் பார்ப்பார். காலித் தட்டு என்றால் தலையை ஆட்டுவார். மிச்சம் இருந்தால், "இது யாருக்கு சார், மாமனாருக்கா?" என்பார்.

உள்ளூர் வழிகாட்டி குஸ்கோவிலேயே பிறந்தவர். நாற்பது வயது, நல்ல உயரம், முன்னோர்களைப் பற்றிப் பேசும்போது குரல் கணீரென்று ஆகும். எங்கள் ஓட்டலின் வரவேற்பறையில் ஒரு பக்கச் சுவர் பழைய இன்கா சுவர்; அதன்மேல்தான் மற்ற மாடிகளைக் கட்டியிருந்தார்கள். முதல் நாள் எங்களை அதன்முன் நிறுத்தி, "இந்தக் கற்களுக்கு நடுவே ஒரு காகிதம்கூட நுழையாது" என்றார் ஆங்கிலத்தில். நாங்கள் வாயைப் பிளந்தோம். மேடம் இடுப்புப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். பெங்களூர் பஸ் டிக்கெட்.

"மேடம், வேண்டாமே" என்றார் பாங்க் மேனேஜர்.

"அவரு சொன்னாரில்ல. பாத்துடலாம்."

ஒவ்வொரு இடுக்காக முயன்றார். வழிகாட்டியின் முகம் மெல்ல மாறிக்கொண்டே வந்தது. ஒன்பது இடத்தில் நுழையவில்லை. பத்தாவது இடத்தில் டிக்கெட் பாதி வரை உள்ளே போய்விட்டது.

"இங்க போகுதே."

"பூகம்பம்" என்றார் வழிகாட்டி. "பெரிய பூகம்பம் வந்தது. மேலே கட்டியதெல்லாம் விழுந்தது. இந்தச் சுவர் இவ்வளவுதான் அசைந்தது."

மேடம் டிக்கெட்டை வெளியே இழுத்து மடித்து வைத்துக்கொண்டார். "இப்பதான் சார் எனக்கு இந்தச் சுவர்மேல மரியாதை வருது" என்றார். சுமதி இந்தக் கலாட்டா எதையும் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மூட்டுகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை.

காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்ததும் என் காதருகே சொன்னாள். "இன்னிக்கி எனக்கு விரதம். அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா பஸ்லயே ஏத்தமாட்டாங்க."

"இந்த உயரத்துல என்ன விரதம்? வேணாம் சுமதி."

"இருவது வருஷமா விட்டதில்ல."

எனக்கு ஒரு வக்கீல் யோசனை வந்தது. "இதோ பாரு. இங்க காலை ஏழு. பெங்களூர்ல இப்ப சாயங்காலம் அஞ்சரை. இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம அபார்ட்மெண்ட்ல எல்லா வீட்லயும் வெளக்கேத்திடுவாங்க. சட்டப்படி நீ சாப்பிடலாம்."

"பெருமாள் அபார்ட்மெண்ட்ல மட்டும்தான் இருக்காரா?"

என் கண் மேடத்தின் மேல் இருந்தது. மூன்றாவது மேஜையில் பாங்க் மேனேஜரின் தட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலித் தட்டைத்தானே நம்புகிறார்? காலித் தட்டு காட்டிவிட்டால் போயிற்று. என் தட்டை முடித்தேன், மேஜை விரிப்பின் மடிப்புக்குப் பின்னால் சுமதியின் தட்டோடு மாற்றினேன். இரண்டு ரொட்டி, பப்பாளி, வெண்ணெய்ப்பழம், ஒரு கிண்ணம் கஞ்சி. அவளுடைய பங்கையும் நானே உள்ளே தள்ளினேன். வயிறு இடித்தது. மனசு பறந்தது.

மேடம் வந்தார். சுமதியின் முன்னால் சுத்தமாக வழித்த தட்டு.

"மாத்திரை அக்கா?"

சுமதி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பற்றி மட்டும்தான் திட்டம் போட்டிருந்தேன். மேடம் உறையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, தண்ணீரையும் நீட்டினார். சுமதி விழுங்கினாள். மேடம் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார்.

எனக்கு அப்போது பயம் வரவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்ற சிரிப்பு.

பீசாக் என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவு முழுவதும் இன்காக்கள் வெட்டிய படிக்கட்டு வயல்கள். பஸ் மேலே இறக்கிவிடும். அங்கிருந்து கல் பாதை. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே ஆறு ஒரு நூல்போலத் தெரியும். வழிகாட்டி முன்னால் போனார். மேடம் வழக்கம்போல் கடைசியில். முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் நடப்பதை நம்பியாக வேண்டும், அது அவருக்கு ஒத்துவராது.

பத்தரை மணி இருக்கும். சுமதி ஒரு சுவர் ஓரம் நின்றுவிட்டாள். கல்லின் மேல் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"கை நீளம் எட்டு" என்றாள். "அக்குள் சுத்து பதினாறு."

நான் சிரித்தேன். என்னோடு இருந்து இருந்து இவளுக்கும் நையாண்டி வந்துவிட்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது. "கல்லுக்கு ரவிக்கை தைக்கறியா? கழுத்து எறக்கமா வை, வெளியூர்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் இல்லை. முகம் முழுக்க வேர்வை. காற்று ஊசியாய்க் குத்துகிற இடத்தில் வேர்வை. "லைனிங் துணி எங்க? நேத்தே கொடுக்கணும் அது" என்று என்னை அதட்டினாள். நாக்கு குழறியது. அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பள்ளம் இரண்டடி தள்ளி இருந்தது.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். பள்ளத்தின் பக்கம் தன் உடம்பை வைத்து உட்கார்ந்துகொண்டு அவள் கன்னத்தைத் தட்டினார். "அக்கா. இங்க பாருங்க. உங்க பேரு என்ன?"

"பதினாறு" என்றாள் சுமதி.

வழிகாட்டி ஓடிவந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உயரம். மூளைக்கு ஏறிவிட்டது. உடனே கீழே இறக்க வேண்டும்" என்றார். முதுகுப் பையிலிருந்து ஆக்சிஜன் குப்பியை எடுத்து மேடத்திடம் கொடுத்தார். மேடம் அதைச் சுமதியின் மூக்கில் பொருத்தினார். பாங்க் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு, "ஷுகர் இர்பஹுதா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். சர்க்கரையாக இருக்குமோ என்று.

"இல்ல" என்றார் மேடம். "டிபன் ஆச்சு, மாத்திரையும் ஆச்சு. ரெண்டையும் நானே பாத்தேன். சுகர் இல்ல, உயரம்தான்." வழிகாட்டியிடம் திரும்பினார். "தூக்கறதுக்கு ஆளு?"

"மேலே போய் நான்கு ஆட்களோடு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவருகிறேன். கீழே ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம்."

ஒன்றரை மணி நேரம். சர்க்கரை பார்க்கும் கருவியும் மேலே பஸ்ஸில், பெரிய பைக்குள் இருந்தது. என் வயிற்றில் அவளுடைய இரண்டு ரொட்டி கல்லாகக் கிடந்தது.

"மேடம்" என்றேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பயம் வந்தால் வாய் தானாகச் சிரித்த மாதிரி ஆகிவிடும். லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டு கத்தும்போதெல்லாம் நான் அப்படித்தான் நிற்பேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். "சார், இப்ப வேணாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

"இல்ல மேடம். அவ சாப்பிடல."

"நான் தட்டைப் பாத்தேன் சார்."

"அந்தத் தட்டை நான் சாப்பிட்டேன். அவளுக்கு சனிக்கிழமை விரதம். தட்டை மாத்தினேன். உங்களை ஏமாத்தறதுக்கு."

கிளம்பப் போன வழிகாட்டி நின்றார். மேடம் ஆக்சிஜன் குப்பியைப் பிடித்த கையை அசைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காலர் இல்லை, ஷூ இல்லை, தட்டு இல்லை. மூன்று மாதமாக ஒரு உண்மைகூட அவரிடம் பேசாத வாய் மட்டும் இருந்தது, அதுவும் இளித்துக்கொண்டு.

"தட்டுல என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ரொட்டி. பப்பாளி. வெண்ணெய்ப்பழம். ஒரு கிண்ணம் கஞ்சி."

"நேத்து ராத்திரி?"

"ஒரு சூப்பு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. குப்பியை என் கையில் திணித்தார். "மூக்குல புடிங்க. தலையை ஒரு பக்கமா சாய்ச்சு வைங்க." இடுப்புப் பையைத் திறந்து சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துப் பல்லால் கிழித்தார். தண்ணீரில் விரலை நனைத்து, சர்க்கரையில் தோய்த்து, சுமதியின் கன்னத்துக்குள் ஈறில் தேய்த்தார். ஒரு பொட்டலம். இன்னொன்று. "அக்கா, முழுங்க வேணாம். சும்மா ஊற விடுங்க." வழிகாட்டியிடம் நிமிராமலே சொன்னார்: "நீங்க போங்க. ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் நெனைக்கிறது தப்பா இருந்தா தூக்கணும்."

வழிகாட்டி படிகளில் ஓடினார். குழுவில் மற்ற ஒன்பது பேரும் கல் சுவர் ஓரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது பொட்டலம். சுமதியின் கை என் மடியில் குளிர்ந்து கிடந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய அந்த ஆள்காட்டி விரலை நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். காற்று சுவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான்காவது பொட்டலத்தைக் கிழிக்கும்போது பாதிச் சர்க்கரை மண்ணில் கொட்டியது. மேடம் எதையும் சிந்தி நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

சுமதி நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

பிறகு முகத்தைச் சுளித்தாள். கண்ணைத் திறந்து முதலில் மேடத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "இனிக்குது" என்றாள். சிறிது நேரம் கழித்து, கலவரத்தோடு, "இன்னிக்கி சனிக்கிழமையாச்சே" என்றாள்.

"பெங்களூர்ல எல்லாரும் சாப்ட்டுப் படுத்தாச்சு அக்கா" என்றார் மேடம். "வாயைத் தொறங்க."

சாயங்காலம் குஸ்கோவில் டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும், நாங்கள் அடுத்துப் போகவிருந்த இன்கா மலைநகரமான மாச்சு பிச்சு இதைவிடத் தாழ்வான இடம்தான், போகலாம் என்றார். மேடம் எங்கள் அறைக்கு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவர் என்னைக் கவனிக்காமல் சுமதியின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு அக்கா இந்த விரதம்? என்ன வேண்டுதல்?"

சுமதி யோசித்தாள். "பையனுக்குப் பன்னண்டாவது பரீட்சைன்னு ஆரம்பிச்சேன்."

"பாஸ் பண்ணிட்டாரா?"

"பண்ணிட்டான். இஞ்சினியரிங்கும் முடிச்சுட்டான். கல்யாணம் ஆயி, கொழந்தைகூட பொறந்தாச்சு."

"அப்பறம்?"

"நிறுத்தினா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அதான்."

மேடம் சிரிக்கவில்லை. புரிகிறது என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். சிலிண்டரை வீடியோவில் பார்ப்பவருக்கு அது புரியாமல் போகுமா? பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் தட்டைப் பாத்தேன், வாயைப் பாக்கல. பாத்துட்டோம்கற திமிருல, சுகர் இல்லவே இல்லன்னு சாதிச்சேன். இவரு சொல்லலைன்னா உங்களைக் கட்டித் தூக்கிட்டுக் கீழ போயிட்டிருப்பேன், வழியிலயே..." முடிக்கவில்லை.

"மேடம், தப்பு என்னோடது" என்றேன்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்ல சார். நீங்க ஏமாத்துவீங்கன்னு மொத நாளே தெரியும்." எழுந்துகொண்டார். "அக்காவை நான் அப்படி நெனைக்கல."

கதவு சாத்திக்கொண்டது. சுமதி வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைத் திட்டவும் இல்லை. முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் கண்ட பயங்கரமான சாயங்காலம் அது.

இரண்டு நாள் கழித்து மாச்சு பிச்சு மலையின் அடிவாரத்து ஊரில் காலை உணவு. பஸ் வாசலில் நின்றது. நுழைவுக்கு ஒரு நேரம் குறித்திருந்தார்கள். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். மேடம் வழக்கம்போல் மேஜை மேஜையாக வந்தார். இப்போது தட்டைப் பார்த்ததோடு நிற்கவில்லை. பாங்க் மேனேஜரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் மனைவியின் கைப்பைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். மேனேஜர் என்னை முறைத்தார், நியாயம்தான்.

சுமதி அன்றைக்கு எழுந்ததிலிருந்தே சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ரொட்டியும் கொஞ்சம் கஞ்சியும் போயிருந்தது. மீதி ஒரு ரொட்டியும் வாழைப்பழமும் காகிதத் துண்டின் அடியில் மறைந்திருந்தன. மாத்திரை இன்னும் பிரிக்காமல் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது.

மேடம் எங்கள் மேஜைக்கு வந்தார். தட்டின் பக்கம் கண்ணே போகவில்லை. சுமதியின் முகத்தை மட்டும் பார்த்தார்.

"சாப்ட்டாச்சா அக்கா?"

"ஆச்சு" என்றாள் சுமதி.

"சரி. மாத்திரையைப் போட்டுட்டு வாங்க." நடந்துவிட்டார்.

காகிதத்தைத் தூக்கிப் பார்க்கவில்லையே, வாயைத் திறக்கச் சொல்லவில்லையே, தொண்டையைப் பார்க்கவில்லையே. அல்சூரிலிருந்த காஸைப் போனில் காட்டச் சொன்னவர் ஒரே ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு போகிறார். ஓடிப்போய், "மேடம், பாக்கலையே, வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுக்கலாமா என்று நாற்காலியைத் தள்ளினேன்.

சுமதி டம்ளருக்குப் பக்கத்திலிருந்த மாத்திரையையும், மேடத்தின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம்" என்று கூப்பிட்டாள்.

அவர் வாசலருகே நின்று திரும்பினார்.

சுமதி காகிதத் துண்டை எடுத்துத் தள்ளி வைத்தாள். "பாதிதான் ஆச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும்."

எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"மெல்ல சாப்டுங்க. பஸ் நிக்கும்" என்றார். நின்று பார்க்காமல் வெளியே போனார். டிரைவரிடம் அவர் தனக்குத் தெரிந்த இருபது ஸ்பானிஷ் வார்த்தைகளையும் ஒரே மூச்சில் சொல்லிச் சண்டை போடுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

சுமதி ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்து மென்றாள். நான் அவள் தாடையைப் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அடுத்த துண்டு. வாழைப்பழம். மாத்திரை. தண்ணீர். கடைசி வாய்வரை கண்ணை எடுக்கவில்லை.

"என்னையே என்ன பாக்கறீங்க?" என்றாள் அவள். "உங்க தட்டைப் பாருங்க."

பார்த்தேன். இரண்டு ரொட்டியும் வைத்தது வைத்தபடி இருந்தன. கஞ்சியில் ஆடை படிந்திருந்தது.